பெயரிடும் உரிமை யாருக்கு?

ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதன்முதலாகக் கற்பித்தது பெயர்களையே என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் அறிவிக்கின்றது. மலக்குகள் அறியாத ஒன்றை மனிதன் அறிந்தான். அவ்வறிவே அவனுக்குச் சிறப்பாயிற்று. ஆயினும் பொருள்களுக்குப் பெயரிடுவது வேறு, மனிதர்களுக்குப் பெயரிடுவது வேறு. கல்லும் மரமும் தமக்கு நாம் இட்ட பெயரைப் பற்றி முறையிடுவதில்லை. மனிதனோ தன்னை இன்ன பெயரால் அழைக்கலாம், இன்ன பெயரால் அழைக்கலாகாது என்று சொல்லும் நாவுடையவன். அங்ஙனமாயின் ஒரு நாட்டாருக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உண்டு? அவர்கள் வாழும் நிலத்துக்கா? அவர்களை ஆண்ட அரசுக்கா? படம் வரைந்த புவியியலாருக்கா? அன்றி, அவர்களுக்கேயா?

இவ்வினாவைப் பொதுப்படப் பேசினால் அது வெறுஞ்சொல்லாய்ப் போகும். ஆதலின், இவ்வினாவால் நெடுங்காலம் அலைக்கழிக்கப்பட்ட ஒரு சிறு நாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அந்நாடு அயர்லாந்து.

பெயர்களின் சிக்கல்

ஐரோப்பாவின் வடமேற்குக் கடலில் இரு பெருந்தீவுகள் உள்ளன. கிழக்கே உள்ள பெரிய தீவு கிரேட் பிரிட்டன். அதனுள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என மூன்று நாடுகள் அடங்கும். மேற்கே உள்ள சிறிய தீவு அயர்லாந்து. அச்சிறு தீவில் இன்று இரண்டு ஆட்சிகள் நடைபெறுகின்றன. 26 மாவட்டங்கள் கொண்ட பெரும்பகுதி, டப்ளினைத் தலைநகராகக் கொண்ட சுதந்திர நாடு. வடகிழக்கிலுள்ள 6 மாவட்டங்கள் வட அயர்லாந்து என்னும் பெயரால் இலண்டன் ஆட்சியோடு இணைந்தவை. பெரிய தீவும் இந்த ஆறு மாவட்டங்களும் சேர்ந்ததே ஐக்கிய இராச்சியம். ஆகவே ஐக்கிய இராச்சியம் வேறு, கிரேட் பிரிட்டன் வேறு, இங்கிலாந்து வேறு. நாமோ இம்மூன்றையும் ‘இங்கிலாந்து’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அங்கிருந்து வந்தோர் எல்லாரையும் ‘இங்கிலீஷ்காரர்’ என்று அழைத்துப் பழகிவிட்டோம்.

இச்சிக்கல் இத்துடன் நிற்கவில்லை. அயர்லாந்துத் தீவின் வடகோடி முனையாகிய மாலின் ஹெட், டோனகால் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டமோ டப்ளின் ஆட்சியைச் சேர்ந்தது. பேச்சு வழக்கில் டப்ளின் ஆட்சிப் பகுதியைத் ‘தெற்கு’ என்பர். ஆக, வட அயர்லாந்தைவிட வடக்கே இருப்பது ‘தெற்கு’ அயர்லாந்து! திசையைக் குறிக்கப் பிறந்த சொல் அரசியலைக் குறிக்கப் புகுந்தால் நேரும் விபரீதத்துக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இரு தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த சிறு தீவுகளையும் சேர்த்துப் ‘பிரிட்டிஷ் தீவுகள்’ என்று புவியியல் நூல்கள் எழுதி வந்தன. தீவு பிரிட்டிஷ் தீவானால் அதில் வாழ்வோரும் பிரிட்டிஷாராகத்தானே இருக்க வேண்டும் என்று பிறர் எண்ணுவது இயல்பு. டப்ளினில் பிறந்து வளர்ந்த ஒருவரைப் ‘பிரிட்டிஷார்’ என்று விளித்தால் அவர் முகம் சுளிப்பதன் காரணம் இப்போது விளங்கும். அயலார் புவியியலைச் சொல்கிறோம் என்று எண்ணிச் சொல்கின்றனர். அவரோ வரலாற்றைக் கேட்கின்றார்.

பழம்பெயரும் ஆட்சிப்பெயரும்

‘பழங்காலம் தொட்டு வழங்கும் பெயர்தானே, இதில் என்ன குற்றம்?’ என வினவுவோர் உண்டு. அவர்களுடைய வாதத்தையும் நேர்மையுடன் நோக்குவோம். கிரேக்க அறிஞர் தாலமி, அறபுலகில் ‘அல்மஜிஸ்தி’ எனப் பெயர் பெற்ற தம் வானநூலில், கிழக்குத் தீவைப் பெரிய பிரிட்டன் என்றும் மேற்குத் தீவைச் சிறிய பிரிட்டன் என்றும் குறித்தது உண்மையே. ஆனால் அவரே பின்னர் எழுதிய புவியியல் நூலில் அவற்றுக்கு அல்பியோன், இவெர்னியா என்று வெவ்வேறு பெயர்களை எழுதினார். ஸிஸிலித் தீவின் மன்னர் ரோஜருக்காக ஹிஜ்ரி 548-இல் (கி.பி. 1154) உலகப் புவியியலை எழுதி முடித்த நம் அல்-இத்ரீஸீயும் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் தனித்தனிப் பெயர்களாலேயே குறித்தார். ஆங்கில மொழியில் ‘பிரிட்டிஷ் தீவுகள்’ என்ற தொடரை 1577-இல் ஜான் டீ என்பார் எழுதினார். அவர் எலிஸபெத் அரசியின் கடலாட்சி விரிய வேண்டும் என்று வாதாடியவர் என்பது நோக்கத்தக்கது.

பெயர்கள் இடம் பெயர்வதும் உண்டு. ‘ஸ்கோட்டி’ என்று ரோமர் அழைத்தது அயர்லாந்து மக்களையே. அம்மக்களுள் ஒரு சாரார் கடல் கடந்து குடியேறியபின் அவர்கள் பெயரே ஸ்காட்லாந்துக்கு உரியதாயிற்று. ஆகவே பழமை ஒன்றே ஒரு பெயரை நிலைநாட்டப் போதிய சான்றாகாது. பழம்பெயரை ஓர் அரசு தன் உடைமைப் பத்திரமாக ஆக்கிக்கொள்ளும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது.

அயர்லாந்தில் நடந்தது அதுவே. 1800-இல் இயற்றப்பட்ட இணைப்புச் சட்டத்தால் 1801 ஜனவரி முதல் அத்தீவு முழுவதும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியாயிற்று. ஒரே அரசு, ஒரே பெயர். ஆனால் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பஞ்சம் மூண்டபோது அந்த ஒரே பெயர் சோறு போடவில்லை. 1841-இல் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 1845 முதல் 1852 வரை ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர்; ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அந்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டுதாம் இருந்தன. அக்காலத்தில் உதுமானியப் பேரரசின் சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுன் நன்கொடை அனுப்பினார் என்பதும், நம் நாட்டுக் கல்கத்தாவிலும் நிதி திரட்டப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கவை. பிரிட்டிஷார் என்னும் பெயரைப் பெற்றும் பிரிட்டிஷாருக்குரிய காவலைப் பெறாத மக்கள், அப்பெயரைத் தமதாக ஏற்க மறுத்ததில் வியப்பென்ன?

மக்களின் பெயர் மட்டுமன்று, ஊர்களின் பெயரும் மாறின. 1824-இல் தொடங்கிய நில அளவைப் பணியில் ஐரிஷ் மொழி ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் ஆங்கில ஒலிக்கேற்ப எழுதி நிலைப்படுத்தப்பட்டன. அப்பணியில் ஈடுபட்ட ஜான் ஓடோனவன் போன்ற அறிஞர்கள் ஊர் ஊராய்ச் சென்று முதியோரிடம் மூலப்பெயரை விசாரித்து எழுதி வைத்தனர் என்பதையும் நீதி கருதிக் கூற வேண்டும். ஆயினும் படத்தில் நின்றது ஆங்கில வடிவமே. அதற்கு முன்னரே, ஓக் மரச்சோலை எனப் பொருள்படும் ‘டோயிர்’ என்ற ஐரிஷ் சொல்லால் டெரி எனப் பெயர் பெற்றிருந்த நகரம், 1613-இல் அரச பட்டயத்தால் ‘இலண்டன்டெரி’ ஆகியிருந்தது. டன் லேரி துறைமுகம் 1821-இல் மன்னர் வருகையை ஒட்டிக் ‘கிங்ஸ்டவுன்’ ஆயிற்று. கோவ் துறைமுகம் 1849-இல் விக்டோரியா அரசி வந்ததால் ‘குவீன்ஸ்டவுன்’ ஆயிற்று. சுதந்திரம் நெருங்கிய காலத்தில் அவ்வூரார் தம் பழம்பெயர்களை மீட்டுக்கொண்டனர். டெரிக்கோ இன்றளவும் இரண்டு பெயர்கள். எவர் எந்தப் பெயரைச் சொல்கின்றார் என்பதைக் கொண்டு அவர் எந்தப் பக்கத்தவர் என்று அங்குள்ளோர் கணித்துவிடுவர்.

பிறந்த இடம் பெயர் தருமா?

இனி, பிறந்த மண்ணே ஒருவனுக்குப் பெயர் தரும் என்று கொள்ளலாமா என ஆராய்வோம்.

வெல்லிங்டன் பிரபு எனப் பின்னர்ப் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதான போரில் பங்குகொண்டு, அக்கோட்டையின் ஆளுநராய் அமர்ந்தவர். அவர் 1769-இல் பிறந்தது அயர்லாந்தில். ‘லாயத்தில் பிறந்ததனால் ஒருவன் குதிரையாகிவிட மாட்டான்’ என்னும் கருத்துப்படச் சொல்லித் தம் ஐரிஷ் பிறப்பை அவர் உதறினார் என்று பலரும் எழுதுகின்றனர். ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ‘இதன் ஸனது என்ன?’ என்று வினவுவர். இதன் ஸனதைத் தேடிச் சென்றால், 1843-இல் ஐரிஷ் மக்கள் தலைவர் டேனியல் ஓகானல் வெல்லிங்டனைப் பற்றிச் சொன்ன சொல் இது என்று தெரிய வருகின்றது. அதாவது, ‘நான் உங்களவன் அல்லன்’ என்று அவர் சொன்னதாக வழங்கும் சொல், ‘நீர் எங்களவர் அல்லர்’ என்று அம்மக்கள் தலைவர் சொன்னதாகும். சொன்னவர் மாறியதும் பொருளே தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

இதற்கு மறுதலையான காட்சியும் நம் நாட்டு மண்ணிலேயே நடந்தது. 1920 ஜூன் மாதம் ஜலந்தரில், கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் ஐரிஷ் வீரர்கள், தம் தாயகத்தில் பிரிட்டிஷ் படையினர் செய்துவந்த கொடுமைகளைக் கேள்வியுற்று ஆயுதம் ஏந்த மறுத்தனர். அக்கிளர்ச்சியில் பங்குகொண்ட ஜேம்ஸ் டேலி என்பவர் அவ்வாண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1806-இல் வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்து இரத்தத்தில் அடக்கிய கில்லெஸ்பியும் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக் கோம்பர் ஊரில் பிறந்தவரே. ஒரே தீவில் பிறந்தவர்கள், ஒரே அரசின் சீருடையை அணிந்தவர்கள். ஒருவர் அச்சீருடையின் பெயராகவே வாழ்ந்தார். மற்றவர் அதைக் கழற்றியதற்காக உயிரை விட்டார். பிறந்த மண் இருவருக்கும் ஒரே விடையைத் தரவில்லை.

தமிழுக்குத் தொண்டாற்றிய கால்டுவெல்லின் செய்தியும் இத்தகையதே. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அப்பெரியார் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, 1838-இல் சென்னைக்கு வந்து, இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரை ஐரிஷார் என்பாரும் ஸ்காட்லாந்தினர் என்பாரும் உளர். நம் மேடைகளில் அவர் ஆங்கிலேயராகவும் ஆகிவிடுகின்றார். முதலிரு கூற்றுகளுக்கும் ஆதாரம் உண்டு. மூன்றாவதற்கு நம் அசட்டையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

நஸபும் நிஸ்பத்தும்

இத்தகைய குழப்பங்களை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயர்களை ஆராய்ந்த இமாம்கள், ஒருவரை ஊரோடும் குலத்தோடும் தொழிலோடும் சேர்த்துச் சொல்லும் பெயரை ‘நிஸ்பத்’ என்றனர். ஹிஜ்ரி 562-இல் மறைந்த ஸம்ஆனீ (ரஹ்) இதற்கெனவே ‘அல்-அன்ஸாப்’ என்ற பெருநூலை யாத்தார். ஹிஜ்ரி 643-இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ஹதீஸ் கலை நூலில், வெளித்தோற்றத்துக்கு மாறான நிஸ்பத்துகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை வகுத்தார். அபூ மஸ்ஊத் பத்ரீ (ரலி) பத்ருப் போரில் கலந்துகொள்ளவில்லை, பத்ரில் குடியிருந்தமையால் அப்பெயர் பெற்றார் என்பது பெரும்பாலோர் கருத்து. செருப்புத் தைப்பவர் எனப் பொருள்படும் பெயர் கொண்ட காலித் அல்-ஹத்தா செருப்புத் தைத்தவர் அல்லர். செருப்புத் தைப்போரிடம் அமர்ந்து பழகியவர். பெயரைக் கண்டு பொருளை முடிவு செய்யாதே, பெயருக்குரியவரை விசாரித்து அறி என்பதே இப்பிரிவின் படிப்பினை.

ஸுஹைப் ரூமீ (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் தெளிவு தரும். ரோமர் என்ற பெயரைத் தாங்கிய அப்பெருந்தகை, பிறப்பால் அறபியர், நமிர் குலத்தவர். சிறுவயதில் ரோமரால் சிறைப்பிடிக்கப்பட்டு அவர்களிடையே வளர்ந்தவர். ‘நீர் அறபியர் என்று சொல்லிக்கொள்கிறீரே’ என உமர் (ரலி) வினவியபோது, தம் குலத்தையும் சிறைப்பட்ட கதையையும் அவர் எடுத்துரைத்தார் என அறிவிக்கப்பட்டுள்ளது. ரோமர் என்ற பெயர் அவரிடம் இருந்தது. ஆனால் அப்பெயர் அவருடைய முழு உண்மையையும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. கேட்கும் செவியும் அங்கே இருந்தது.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தவரை எவ்வாறு குறிப்பது என்பதற்கும் அவ்விமாம்கள் வழி சொன்னார்கள். இரண்டு ஊர்களையும் சேர்த்து, ‘மிஸ்ரீ, பின்னர் திமிஷ்கீ’ என எழுதலாம் என்றனர். ஒருவருக்கு இரண்டு நிஸ்பத்துகள் இருப்பதில் அவர்கள் முரண்பாட்டைக் காணவில்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். தன் தந்தையை விட்டுப் பிறரைத் தந்தையெனக் கூறுவது மார்க்கத்தில் பெருங்குற்றமாயிற்றே, விரும்பிய பெயரை எவரும் சூடிக்கொள்ளலாம் என்பது பொய்க்கு வழி திறப்பதாகாதா? ஆகாது. நஸப் என்பது வமிசம், அது நிகழ்ந்து முடிந்த உண்மை, விருப்பத்தால் மாறாது. நிஸ்பத் என்பது தொடர்பு. அது வாழ்வாலும் நேசத்தாலும் தொண்டாலும் உண்டாவது. கூடவும் குறையவும் வல்லது. தேசியம் என்று இக்காலத்தார் சொல்வது நிஸ்பத்தின் வகையைச் சேர்ந்ததே. அதனை வமிசமென எண்ணும்போது வெறி பிறக்கின்றது. அதனை நிலப்படத்தின் கோடென எண்ணும்போது குழப்பம் பிறக்கின்றது.

மறுபக்கத்தின் நியாயம்

இதுகாறும் சொன்னவற்றால், பெரிய தீவார் சிறிய தீவாரின் பெயரை விழுங்கினர் என்பது தெரிந்தது. ஆனால் நீதி ஒரு கண்ணால் பார்ப்பதன்று. அயர்லாந்துத் தீவிலேயே, தம்மைப் பிரிட்டிஷார் எனத் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வரும் மக்களும் வாழ்கின்றனர். வடகிழக்கில் வாழும் அவர்களுள் பலர் பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறியோரின் வழியினர். அவர்களிடம் சென்று, ‘நீர் வாழ்வது அயர்லாந்துத் தீவில், ஆகவே நீர் ஐரிஷாரே, பிரிட்டிஷார் என்பது பொய்’ என்று சொல்வது நியாயமாகுமா? டப்ளின்காரரைப் பிரிட்டிஷாராக்கிய அதே பிழை இங்கே திரும்பி நிற்கின்றது.

சுதந்திர அயர்லாந்தும் இப்பிழையைச் செய்தது. 1937-இல் இயற்றப்பட்ட அதன் அரசியல் சட்டம், நாட்டின் பெயர் ஐரிஷ் மொழியில் ‘ஏய்ரா’, ஆங்கிலத்தில் ‘அயர்லாந்து’ என்று விதித்தது. அது தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, தீவு முழுவதும் தன் தேசிய நிலம் என்றது. வடக்கே வாழ்ந்த பத்து இலட்சத்தை ஒட்டிய மக்களை அவர்கள் இசைவின்றியே தன் பெயருக்குள் எழுதிக்கொண்டது. மறுபுறம் பிரிட்டிஷ் அரசோ அந்நாட்டை அதன் சொந்தப் பெயரால் அழைக்க மறுத்து, 1949-இல் தன் சட்டத்தில் ‘அயர்லாந்துக் குடியரசு’ என்றே எழுதியது. 1985 நவம்பரில் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டபோது இரு படிகளின் தலைப்பிலும் பெயர்கள் வெவ்வேறாக இருந்தன. ஒன்றில் அயர்லாந்து, மற்றொன்றில் அயர்லாந்துக் குடியரசு! கையெழுத்திடும் மேசையில்கூட ஒருவரையொருவர் அவரவர் பெயரால் அழைக்க மனம் வரவில்லை. இடையில் வடக்கே 1960-களின் இறுதியிலிருந்து முப்பது ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. பெயர் ஒன்றே அதற்குக் காரணமன்று. வேலை, வீடு, வாக்கு என நியாயமான குறைகள் பல இருந்தன. ஆனால் ஒருவனைக் கொல்லுமுன் அவனுக்கு ஒரு பெயர் சூட்டப்படுவதை எல்லா நாட்டுப் பூசல்களிலும் காண்கின்றோம்.

1998 ஏப்ரல் 10-ஆம் நாள் ஏற்பட்ட பெல்பாஸ்ட் உடன்படிக்கை இம்முடிச்சை அவிழ்க்க முயன்றது. வட அயர்லாந்தில் பிறந்தோர் ஐரிஷார் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டும் என்றோ தாம் விரும்பியவாறு தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளவும், பிறரால் அவ்வாறே ஏற்கப்படவும் பிறப்புரிமை பெற்றவர்கள் என அது ஒப்புக்கொண்டது. ‘சொல்லிக்கொள்ளல்’, ‘ஏற்கப்படல்’ என்னும் இரண்டையும் அது ஒருங்கே வைத்தது சிந்திக்கத்தக்கது. ஏற்கப்படாத பெயர் தனிமையில் பேசும் பேச்சு. அயர்லாந்தும் தன் அரசியல் சட்டத்தைத் திருத்த இசைந்தது. தீவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஐரிஷ் தேசத்தில் பங்குபெறும் உரிமை உண்டு என்று 1999 முதல் அது கூறுகின்றது. முன்னர் நிலத்தின் மீது இருந்த உரிமைக்கோரிக்கை, மனிதரை நோக்கிய அழைப்பாக மாறிற்று.

ஆனால் சட்டம் எழுதுவது எளிது, மனம் பழகுவது அரிது. அப்பகுதியில் பிறந்து தம்மை ஐரிஷார் என்றே கருதி வந்த ஒரு பெண்மணி, தம் அயல்நாட்டுக் கணவருக்கு உறைவிட அனுமதி கோரினார். அதிகாரிகளோ, பிறப்பால் நீர் பிரிட்டிஷ் குடிமகளே, வேண்டுமானால் அக்குடியுரிமையைத் துறந்துவிட்டு வாரும் என்றனர். தாம் என்றும் ஏற்காத ஒன்றை எவ்வாறு துறப்பது என அவர் வழக்காடினார். ஒரு பொருளைத் துறப்பதற்கு முதலில் அது தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமன்றோ? 2019-இல் மேல்நிலைத் தீர்ப்பாயம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2020-இல் குடியேற்ற விதிகள் திருத்தப்பட்டு அவர் போன்றோருக்கு வழி பிறந்தது. 2021-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் வட அயர்லாந்தினருள் தம்மைப் பிரிட்டிஷார் என்று மட்டும் குறித்தோர் 31.9 விழுக்காடு, ஐரிஷார் என்று மட்டும் குறித்தோர் 29.1 விழுக்காடு, வட அயர்லாந்தினர் என்று மட்டும் குறித்தோர் 19.8 விழுக்காடு. எஞ்சியோருள் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைத் தாங்குவோரும் உளர். ஒரே தெருவில் வாழ்வோர், ஒரே மழையில் நனைவோர் இவர்கள்.

நமக்கு இதில் என்ன?

எங்கோ மேல்கடலில் உள்ள தீவாரின் பெயர்ப்பூசல் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நமக்கும் பிறர் பெயரிட்டனர் என்பதே விடை. துருக்கியைக் கண்ணாலும் காணாத நம் முன்னோரைத் ‘துலுக்கர்’ என்றனர். அச்சொல்லை அன்போடு வழங்கிய அண்டை வீட்டாரும் இருந்தனர். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் சன்னிதியும் உண்டு. வசையாக வீசியோரும் இருந்தனர். பிரிட்டிஷ் ஆட்சியார் நம்மை ‘முகம்மதியர்’ என்று சட்டநூல்களில் எழுதினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையே நாம் வணங்குவதாகப் பொருள்பட்டுவிடுமே என்று நம்மவர் வருந்தி, ‘முஸ்லிம்’ என்று அழையுங்கள் எனக் கேட்டுக்கொண்டனர். வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை அழைத்த ‘மூர்’ என்ற சொல்லையே போர்ச்சுகீசியர் இலங்கைச் சோனகர் மீதும் சூட்டினர். இவற்றின் உறுத்தலை அறிந்த நாம், டப்ளின்காரரை ‘இங்கிலீஷ்காரர்’ என்று அழைத்துவிட்டு, ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று சிரிக்கலாமா? நமக்கு நேர்ந்தபோது வருத்தமாக இருந்தது, பிறருக்கு நேரும்போது வேடிக்கையாவது எங்ஙனம்?

திருமறையின் ‘அல்-ஹுஜுராத்’ அத்தியாயம் இவ்விஷயத்தில் நமக்கு இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து வைக்கின்றது. பதினோராம் வசனம் பட்டப்பெயர் சூட்டி இகழ்வதைத் தடுக்கின்றது. பதின்மூன்றாம் வசனம், மக்கள் இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கின்றது. முதல் வசனம் இறங்கிய சூழலை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மதீனாவின் பனூ ஸலிமா குலத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் அழைத்தபோது, ‘இப்பெயர் அவருக்குப் பிடிக்காது’ என்று அருகிலிருந்தோர் எடுத்துரைத்தனர். அதன்பின்னரே அவ்வசனம் அருளப்பட்டது. அறியாமல் அழைப்பது மன்னிக்கத்தக்கது, அறிவிக்கப்பட்டபின் அதையே அழைப்பது பிழை என்னும் ஒழுக்கம் இதிலிருந்து பெறப்படுகின்றது.

கவிஞர் ஷேமஸ் ஹீனி இவ்வொழுக்கத்தின் மறுபாதியைக் காட்டினார். வட அயர்லாந்தின் டெரி மாவட்டத்தில் 1939-இல் பிறந்த அவருடைய கவிதைகளை 1982-இல் வெளிவந்த தற்காலப் பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பு ஒன்றில் முதன்மை தந்து சேர்த்திருந்தனர். பெருமைதானே என்று அவர் வாளாவிருக்கவில்லை, வசையும் பொழியவில்லை. அடுத்த ஆண்டு செய்யுள் வடிவில் ஒரு திறந்த மடல் எழுதி, அந்த அடைமொழி தமக்குரியதன்று என மெல்ல மறுத்தார். 1995-இல் நோபல் பரிசு பெற்ற அப்பெருங்கவிஞர், மரியாதையைக் கைவிடாமலே தம் பெயரைக் காத்துக்கொண்டார். பிறர் நம்மைத் தவறாக அழைக்கும்போது நாம் பின்பற்றத்தக்க முறை இது.

‘ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரை வெறுத்தால் உலகில் பேசவே முடியாதே’ என்பார்க்கும் விடை உண்டு. மனமிருந்தால் சொல் கிடைக்கும். இரு அரசுகளும் தம் உடன்படிக்கையில் ‘இத்தீவுகள்’ என்று எழுதிச் சிக்கலைக் கடந்தன. ‘பிரிட்டிஷ் தீவுகள்’ என்பது சட்டத்தால் ஏற்கப்பட்ட தொடர் அன்று என அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சர் 2005-இல் தம் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அந்நாட்டுப் பள்ளிப் புவிப்படம் ஒன்றிலிருந்தும் அத்தொடர் நீக்கப்பட்டது. இரு தீவுகளின் வீரர்களும் சேர்ந்தாடும் ரக்பி அணி, 2001 முதல் பிரிட்டிஷ், ஐரிஷ் என்னும் இரு பெயர்களையும் தாங்கிப் புறப்படுகின்றது. இதனால் எவருடைய மானமும் குறைந்துவிடவில்லை.

ஆகவே நாம் கொள்ளத்தக்க நெறி இதுவாகும். தன்னை இன்னார் என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு மக்களுக்கும் உண்டு. அவ்வுரிமை தன்னளவில் நிற்பது. அண்டையில் வாழ்பவனையும் தன் பெயருக்குள் இழுத்துக்கொள்ளும் உரிமை அதில் அடங்காது. நிலத்துக்குப் பெயர் வேண்டும். அது நிலத்தைச் சுட்டுவதோடு நிற்கட்டும். வமிசத்தைப் பொய்யாக்க வேண்டா. ஆனால் வமிசத்தைக் காட்டி ஒருவனது நேசத்தைப் பறிக்கவும் வேண்டா. எவரையும் அழைக்குமுன் கேட்டறிவோம். கேட்டறிந்தபின் அவ்வாறே அழைப்போம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பெல்பாஸ்டிலும் டப்ளினிலும் கல்வியும் தொழிலும் தேடிச் செல்கின்றனர். அயர்லாந்தில் இன்று 80,000-த்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் நாளை தம்மை ஐரிஷ் முஸ்லிம்கள் என்று கூறிக்கொள்வர். ‘உன் நிறமும் பெயரும் ஐரிஷ் அல்லவே’ என்று எவரேனும் மறுத்தால் அவர்களுக்கு நாம் என்ன நியாயம் கோருவோமோ, அதே நியாயத்தைப் பிறருக்கு இன்றே வழங்கப் பழகுவோம். வீட்டில் உலகப் படத்தை விரித்துப் பிள்ளைகளுக்கு நாடுகளைக் காட்டும் பெற்றோர், அங்கு வாழ்வோர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனர் என்பதையும் உடன் சொல்லிக்கொடுக்கட்டும். ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுங்கள் என்று இறைவன் இட்ட பணி, அவரவர் பெயரைச் சரியாகச் சொல்வதிலிருந்து தொடங்குகின்றது.